கடைசியாக ஓடும் பையனுக்கும் பாதி ஆட்டம்

"அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, பொண்ணுக்கு 6. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் லீக் ஒன்று ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகள் இப்படி ஒரு லீக்கில்தான் ஆடுகிறார்கள். அங்கே செலக்‌ஷனே கிடையாது, எல்லாரையும் ஆட விடுவார்கள் என்று அண்ணி சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, 'கப் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை, மாவட்ட டீமுக்கும் போகப் போவதில்லை, அப்புறம் எதற்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கணும்?' என்கிறார். என் பையன் கொஞ்சம் பூசினாற்போல இருப்பான். ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாகத்தான் வருவான். இங்கேயும் அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த லீக் எல்லாம் எப்படி நடக்கும்? பெற்றோர் என்ன செய்ய வேண்டியிருக்கும்?"
— வாசகி, வேலூர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசி பயத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். என் மகனுக்கு 9 வயதில் இதே ஊரில் ஒரு கோச்சிங்கில் சேர்த்தோம். மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினோம். மூன்று ஞாயிறு தொடர்ந்து மேட்ச். மூன்று ஞாயிறும் வீட்டுக்கு வந்து அவன் கழற்றிப் போட்ட வெள்ளை சாக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. துவைக்க எடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது, பிள்ளை மைதானத்துக்குள் காலே வைக்கவில்லை என்று. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காவது வாரம் வயிறு வலிக்கிறது என்றான். அதோடு சரி.

அதனால் உங்கள் லீக்கில் முதல் விதியாக இதை எழுதிவையுங்கள்: வந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேட்சிலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். இது நானாகச் சொல்வதில்லை. உங்கள் அண்ணி சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் 1964-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பின் அடிப்படைக் கொள்கையே 'எல்லாரும் ஆடணும்' என்பதுதான். பாதி ஆட்டம் என்பது அங்கே கோச் காட்டும் கருணை இல்லை. பிள்ளையின் உரிமை. அந்த ஊரில் இதை 'ரெக்' லீக் என்கிறார்கள், அதாவது பொழுதுபோக்குக்கு ஆடுவது. செலக்‌ஷன் வைத்து எடுத்து, வெளியூருக்கெல்லாம் கூட்டிப்போய் ஆட வைக்கும் கிளப்புகள் தனியாக இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு கடை. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கடைச் சரக்கை இந்தக் கடையில் கேட்கிறார், அவ்வளவுதான்.

அங்கே நடக்கும் விதம் எளிமையானது. பெயர் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். கட்டுகிற ஃபீஸில் ஜெர்சி, மைதானம், ரெஃப்ரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடங்கும். பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு சீசன், ஒவ்வொன்றும் எட்டுப் பத்து வாரம். வார நாளில் ஒருநாள் பிராக்டிஸ், வார இறுதியில் ஒரு மேட்ச். கோச் என்று நிற்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அல்லது அம்மா, சம்பளம் கிடையாது. டீமைப் பிரிப்பதை லீக் நடத்துபவர்களே செய்கிறார்கள், நன்றாக ஆடுகிற நான்கு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் பார்த்து.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் ஊரில்தான் தவறு நடக்கும். 'எங்க தெரு டீம், உங்க தெரு டீம்' என்று பிரிக்கத்தான் ஆசை வரும். செய்யாதீர்கள். இரண்டாவது வாரமே அது பெரியவர்கள் சண்டையாகிவிடும். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, ஓடக்கூடியவர்கள், புதியவர்கள், சின்னவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு டீமுக்கும் கலந்து போடுங்கள். உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் வீட்டிலும் வாட்ச்மேன் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். ஃபீஸ் இல்லாமல் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவைப் பத்து குடும்பம் பங்கு போட்டால் யாருக்கும் பாரமாக இருக்காது.

இப்போது உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளைகளைப் பக்கத்துக்கு 11 பேர் என்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு பந்து, 22 பிள்ளைகள். வேகமான மூன்று பேர் பந்தின் பின்னால் ஓடுவார்கள், மற்றவர்கள் தும்பி பிடித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கால்பந்து சங்கமே 8 வயது வரை பக்கத்துக்கு 4 பேர், 10 வயது வரை 7 பேர், 12 வயது வரை 9 பேர், அதற்கு மேல்தான் 11 பேர் என்று வைத்திருக்கிறது. சின்னவர்களுக்கு மைதானமும் சின்னதுதான். நீளம் 30 மீட்டர், அகலம் 20 மீட்டர் இருந்தால் தாராளம். ஒரு பள்ளி மைதானத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் நடத்தலாம். நான்கு பேர் ஆட்டத்தில் பந்து எப்படியும் உங்கள் பையன் காலுக்கு வந்தே தீரும். ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒதுக்கிவைக்கவும் இடமில்லை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த வயதில் கோல்கீப்பரே கிடையாது என்பது. நம் தெருவில் என்ன வழக்கம்? ஓட முடியாதவன் கோல்கீப்பர். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, கோல் விழுந்தால் அவனையே திட்டுவார்கள். பூசினாற்போல இருக்கிற எத்தனையோ பிள்ளைகள் அந்தச் செங்கல்லுக்கு நடுவிலேயே ஃபுட்பாலை வெறுத்துப் போயிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் கீப்பர் வேண்டும்தான். அங்கே சுழற்சி முறை வையுங்கள், யாரும் அரை மேட்சுக்கு மேல் கோலில் நிற்கக் கூடாது.

நேரம்: 8 வயதுக்குள் என்றால் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, நடுவில் தண்ணீர். பந்து 8 வயது வரை 3-ம் நம்பர், 12 வரை 4-ம் நம்பர், அதற்கப்புறம்தான் நாம் டிவியில் பார்க்கிற 5-ம் நம்பர். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். தலையால் முட்டுவது வேண்டவே வேண்டாம். தலையில் அடிபடும் பயத்தால் 2015-லேயே அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெடரைத் தடை செய்துவிட்டார்கள். நாம் அடிபட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பொண்ணையும் கண்டிப்பாக அனுப்புங்கள். நம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-ல் 'கோல்டன் பேபி லீக்' என்று 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தொடங்கியதே, அதிலும் பையன்களும் பொண்ணுகளும் சேர்ந்தே ஆடலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். பெரிய கிளப் ஏதும் இல்லாமல் பெற்றோரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தலாம் என்பதுதான் அதன் யோசனையே. அதனால் உங்கள் திட்டம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: தோடு, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும். கால்பந்து விதியிலேயே நகைக்கு இடமில்லை, பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புதிதாகக் காது குத்தியிருந்தால் புண் ஆறி, தோட்டைக் கழற்றலாம் என்கிற வரை பொறுத்து அனுப்புங்கள்.

சாமான் செலவு பெரிதில்லை. ஷின் கார்டு, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வைக்கும் காப்பு, அவசியம். அதை சாக்ஸுக்கு உள்ளே போட வேண்டும். முதல் நாள் பாதிப் பிள்ளைகள் வெளியே கட்டிக்கொண்டு நிற்கும், பாருங்கள். அடியில் குமிழ் குமிழாக ஸ்டட் வைத்த ஷூ இப்போதே வாங்க வேண்டாம். நம் ஊர்க் கட்டாந்தரையில் அது வழுக்கும், அடுத்த வருஷம் கால் அளவும் மாறிவிடும். ரப்பர் அடி வைத்த சாதாரண ஷூ போதும்.

மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலை மட்டும் என்று எழுதிக் கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரித்து வையுங்கள். வாடகை டர்ஃப் வசதிதான், ஆனால் அந்தச் செயற்கைப் புல் வெயில் ஏற ஏற மண்ணைவிட மோசமாகச் சுடும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் கடைசி விசில் அடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே பக்கமே போகாதீர்கள். ஜூலை தொடங்கி காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வரை ஒரு சீசன், பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை சின்னதாக இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் பரீட்சைக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய்விடும். படிப்பு கெடுமோ என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு காலை, அவ்வளவுதான்.

இனி பெற்றோர் வேலை. இதுதான் உண்மையில் லீக். பிள்ளைகள் ஆடுவது ஒரு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் நாம். ஒரு நோட்டுப் போட்டு முறை எழுதுங்கள்: இந்த வாரம் தண்ணீர் கேன் யார், சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவது யார், முதலுதவிப் பெட்டியும் ஃபிளாஸ்கில் ஐஸும் யார், தின்பண்டம் யார். அமெரிக்காவில் இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை கொடுப்பது வழக்கம். நமக்கு வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட நீர்மோர். சிப்ஸ் பாக்கெட்டும் கலர் பாட்டிலும் ஒரு வாரம் ஒரு வீட்டில் வந்தால், அடுத்த வாரம் எல்லா வீட்டுக்கும் அது கடனாகிவிடும், முதலிலேயே வேண்டாம் என்று பேசிவிடுங்கள். முறை வந்த குடும்பம் வர முடியாவிட்டால் அவர்களே மாற்று ஆள் பிடிக்க வேண்டும். இந்த ஒரு வரி எழுதாத நோட்டு, கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும்.

ரெஃப்ரிக்குப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கேளுங்கள். அமெரிக்காவிலும் சின்னவர்கள் ஆட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் விசில் ஊதுகிறார்கள். அந்தப் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் வாக்குவாதம் செய்யக் கூடாது. செய்தால் அன்றைக்கு அவர் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். 8 வயதுக்குள் உள்ளவர்களுக்கு பாயின்ட் டேபிள் வேண்டாம். பிள்ளைகள் கோலை எண்ணத்தான் செய்வார்கள், எண்ணட்டும். பெரியவர்கள் எழுதி ஒட்ட வேண்டாம். ஒரு பக்கம் ஐந்து கோல் முன்னால் போய்விட்டால் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு ஆளைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கோட்டுக்கு வெளியே நிற்கிற நம் வாய். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு சுருக்கென்கிறது. என் மகன் பிறகு வேறொரு இடத்தில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஆடினான். ஒருநாள் பந்து அவன் காலுக்கு வந்தது, எதிரே கோல் காலி. நான் "அடிடா! அடிடா! லெஃப்ட்ல அடி!" என்று கத்தினேன். அவன் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். கால் தூக்கியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அதற்குள் இன்னொரு பிள்ளை பந்தைத் தட்டிப் போய்விட்டது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கைதட்டுங்கள், பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எதிர் டீம் நல்ல கோல் போட்டால் அதற்கும் தட்டுங்கள். எங்கே உதைப்பது என்பதை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பி வரும் வழியும் அப்படித்தான். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றுகொண்டு "ஏன்டா அந்தப் பந்தை விட்டே?" என்று கேட்காதீர்கள். "பசிக்குதா? பொங்கலா, பூரியா?" என்று கேளுங்கள். மேட்ச் பற்றிப் பேச வேண்டும் என்றால் அவனே பேசுவான், பூரி வந்ததும்.

கப் இல்லையே என்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு என் பதில் இது. நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு பெரிய ஆட்டத்துக்கான வழி பின்னால் திறந்துதான் இருக்கிறது. பள்ளி டீம் இருக்கிறது, மாவட்டத் தேர்வு இருக்கிறது. 8 வயதில் யார் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று எந்தக் கோச்சாலும் சொல்ல முடியாது. 8 வயதில் ஓரமாக உட்கார வைத்த பிள்ளை 12 வயதில் மைதானத்துக்கே வராது. உங்கள் பையன் மாவட்ட டீமுக்குப் போக வேண்டாம், கடைசியாகவே ஓடட்டும். ஞாயிறு காலை சாக்ஸ் முழுக்கச் செம்மண்ணோடு, வியர்த்து, தன் டீம் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். அது அவனுக்கு வேண்டும். அதை அவனுக்குக் கொடுக்கப் பத்துக் குடும்பம் போதும்.

வீட்டுக்காரரோடு விவாதம் வேண்டாம். முதல் ஞாயிறு நோட்டில் சுண்ணாம்புக் கோடு போடும் முறைக்கு அவர் பெயரை எழுதிவிடுங்கள். ஆறு மணிக்கு வாளியோடு அவரைக் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் வருவதற்குள் 30 மீட்டர் கோடு நேராக வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.