முன்விடுதலையான கைதி மேல் புதிதாக எஃப்.ஐ.ஆர். விழுந்தால் மறுபடி சிறையா?

கேட்டவர் எழுதியிருப்பது: மாமா ஆயுள் கைதி, நிபந்தனையோடு முன்விடுதலையாகி வந்தவர். வேலித் தகராறில் இப்போது அவர் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். புதிய சட்டத்தில் அவரை உடனே உள்ளே தள்ளிவிடுவார்களா?

தானாக அப்படி நடந்துவிடாது. ஆனால் அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள்.

1.7.2024 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 227-வது பிரிவுதான் இப்போது 266. நிபந்தனையை ஏற்றுக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பெற்றவர் (உங்கள் மாமாவின் முன்விடுதலையும் இப்படிப்பட்ட குறைப்புதான்), தெரிந்தே அதை மீறினால், அனுபவிக்காமல் விட்ட மீதித் தண்டனையை அனுபவிக்க வேண்டும். 'தெரிந்தே' என்பதை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குப் பெரிய கவலை அதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473(3)-வது பிரிவு. நிபந்தனை நிறைவேறவில்லை என்று அரசு கருதினால் குறைப்பையே ரத்து செய்யலாம். ரத்தானதும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடித்துக்கொண்டு போகலாம். ஆயுள் தண்டனை என்பது சட்டப்படி ஆயுள் முழுக்க. அதனால் உங்கள் மாமாவுக்கு 'மீதி' என்றால் மிச்சமிருக்கும் வாழ்நாள். பதினாலு வருஷம் கழித்தாச்சே, இனி என்ன என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அரசு நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்துவிட முடியாது. குஜராத் கைதி ஒருவரின் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'இரண்டு வருஷம் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்' என்று அவருக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். எது கண்ணியம் என்று யார் முடிவு செய்வது? நீதிமன்றம் அந்த நிபந்தனையையே செல்லாது என்றது. அதோடு, எஃப்.ஐ.ஆர். பதிவானது ஒன்றை மட்டும் வைத்து ரத்து செய்யக் கூடாது, சில்லறை மீறல் காரணமாகாது, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் வேண்டும், முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து பதிலுக்கு அவகாசம் தர வேண்டும், ரத்து உத்தரவில் காரணம் எழுத வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

வக்கீலாக இந்தக் குடும்பங்களோடு பழகுவதால் ஒன்று சொல்கிறேன். பாதிப் பேர் வீட்டில் விடுதலை உத்தரவின் நகலே இருக்காது. ஒரு அம்மா மஞ்சப் பையிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், பையனின் டி.சி. எல்லாம் எடுத்து வைத்தார். உத்தரவு மட்டும் இல்லை. 'ஜெயில்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க சார்' என்றார் அவர் கணவர். தான் எதற்குக் கட்டுப்பட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் நிபந்தனைகளைத் தமிழில் வாசித்துக் காட்டி, நகலைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் முதல் வேலையாக உத்தரவு நகலைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் கையெழுத்து, நன்னடத்தை அலுவலரைப் பார்ப்பது, ஊர் மாறினால் தகவல் சொல்வது, இப்படி எது இருக்கிறதோ அதை ஒரு நாள்கூட விடாமல் செய்யச் சொல்லுங்கள். உடம்பு முடியாமல் தவறினால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலித் தகராறு வழக்கில் முன்ஜாமீனுக்கு இப்போதே வக்கீலைப் பாருங்கள். எதிர்த்தரப்போடு வாய்ப்பேச்சுகூட வேண்டாம்.

நோட்டீஸ் வந்தால் கெடு தேதிக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். நோட்டீஸே இல்லாமல் ரத்து செய்தால் அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் பீஸுக்கு வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.