வெளிநாட்டில் நர்ஸ் லைசென்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தில் தொடங்குகின்றன. லைசென்ஸ் தருவது அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில். வேலை தருவது மருத்துவமனை. விசா தருவது அரசு. ஒருவர் சரி என்றால் மற்ற இருவரும் சரி என்று அர்த்தமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள பதில்கள் எளிதாகப் புரியும்.

அமெரிக்காவுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு 85-ஆவது கேள்வியோடு நின்றுவிட்டது. ஃபெயில். 85-இல் நின்றால் பாஸ் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். நீங்கள் தரும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இது. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்ததும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 85-இல் நிற்பது இரண்டு பக்கமும் நடக்கும்.

தேறாதவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். எந்தெந்தப் பகுதியில் கோட்டுக்கு மேலே, அருகில், கீழே என்று அதில் இருக்கும். புதிய புத்தகம் வாங்கும் முன் அதைப் படியுங்கள். அடுத்த முறை எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களைக் "கீழே" என்று வந்த பகுதிகளுக்குக் கொடுங்கள்.

2023 ஏப்ரலில் தேர்வு மாறிய பிறகு, மனப்பாடம் மட்டும் கைகொடுப்பதில்லை. நோயாளியின் கதையைக் கொடுத்து அதிலிருந்து ஆறு கேள்வி கேட்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள்: நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீர் மணிக்கு 20 மில்லி, கட்டு காய்ந்திருக்கிறது, வலி பத்துக்கு நான்கு. வலியைப் பார்த்து மாத்திரையைத் தேடினால் தவறிவிட்டீர்கள். கட்டு காய்ந்திருப்பதால் ரத்தக்கசிவு இல்லை என்று நினைத்தாலும் தவறிவிட்டீர்கள். உள்ளே ரத்தம் போகிறதோ என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். வார்டில் டியூட்டி பார்த்த உங்களுக்கு அது தானாகவே வரும். தேர்வு அறையில் அந்தப் புத்தியை வெளியே வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தை மட்டும் நினைவுபடுத்திக்கொண்டிருப்பதுதான் பலருக்குச் சிக்கல்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் பி கிரேடு. எழுத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அடிபடுகிறேன். இலக்கணம் படிக்கவா?

பேச்சில் பி வாங்கும் ஒருவருக்கு இலக்கணம் மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்துக்கு ஆறு அளவுகோல்கள். மொழி அதில் ஒன்றுதான். கடிதம் எதற்கு என்பது தொடக்கத்திலேயே தெரிகிறதா, தேவையானது இருக்கிறதா, தேவையற்றது இல்லையா, அமைப்பு சரியா என்பதெல்லாம் மற்றவை.

நர்ஸ்கள் எழுதும் கடிதங்களில் நான் அடிக்கடி பார்ப்பது, குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் இறக்கி வைப்பது. சர்க்கரைப் புண்ணோடு டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியை வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸிடம் ஒப்படைக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு முன் குடல்வால் எடுத்தது அவருக்கு எதற்கு? டிரெஸ்ஸிங் எத்தனை நாளுக்கு ஒருமுறை, இன்சுலின் அளவு மாறியிருக்கிறதா, நோயாளி தனியாக இருக்கிறாரா, இவைதான் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எழுத அனுமதி இல்லை, படிக்க மட்டும்தான். அந்த நேரத்தில் எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம், உங்கள் கவுன்சில் எந்த அளவு கேட்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சிலான என்.எம்.சி. எழுத்தில் மட்டும் சி பிளஸ்ஸை ஏற்கிறது. அங்கே போகிறவர் எழுத்துக்கு பி வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பணம் கட்டத் தேவையில்லை.

ஏஜென்சி என் அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறது. விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டுமாம். இது சகஜமா?

சகஜமாக நடக்கிறது என்பதால் சரியாகிவிடாது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. கடனைக் காட்டிக் கட்டிப்போடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்த அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தனியார் ஏஜென்சிகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாகவே சொல்கிறது. பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறையும் செவிலியரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. ஏஜென்சிக்குப் பணம் தர வேண்டியவர் உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளி.

சான்றிதழ்களை எழுத்து மூலமாக, தேதி போட்டுத் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் தொழிலாளர் துறையிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். இன்றே செய்ய வேண்டியது இன்னொன்று: கவுன்சில் இணையக் கணக்கின் பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். ஏஜென்சி தன் மின்னஞ்சலில் கணக்கு திறந்திருந்தால், உங்கள் லைசென்ஸ் விண்ணப்பத்தின் சாவி அவர்களிடம் இருக்கிறது. கவுன்சிலுக்கே நேரடியாக எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) இருந்தால் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மிரட்டலுக்குப் பயந்து அதற்கு முன் எதையும் கட்டிவிடாதீர்கள்.

ஜெர்மனியில் தேர்வே இல்லை, மொழி போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. வழக்கமாகக் கேட்பது பி2 (நடுத்தரத்துக்கு மேற்பட்ட) நிலை ஜெர்மன். உங்கள் படிப்பை அவர்களுடைய படிப்போடு ஒப்பிட்டு, குறை இருந்தால் எழுதித் தருவார்கள். அதைப் பயிற்சிக் காலம் மூலமாகவோ அறிவுத் தேர்வு மூலமாகவோ நிரப்ப வேண்டும். அதுவரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்பத்தான்.

வளைகுடா வேலைக்காக டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பை முடித்துவிட்டேன். அதையே வேறு நாட்டுக்குக் காட்டலாமா?

பொதுவாக முடியாது. அமெரிக்காவோ பிரிட்டனோ தங்கள் வழியில் மறுபடி சரிபார்க்கும். ஆனால் அதற்காக நீங்கள் சேர்த்த டிரான்ஸ்கிரிப்ட், பணி அனுபவக் கடிதங்களின் நகல்களைப் பத்திரமாக வையுங்கள். எல்லாரையும் தாமதப்படுத்துவது படித்த கல்லூரியிலிருந்து வர வேண்டிய காகிதங்கள்தான்.

குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டிருந்தேன். கதவு மூடிவிட்டதா?

இல்லை. நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரேலியா கடந்த 5 ஆண்டுகளில் 450 மணி நேரப் பணியைக் கேட்கிறது. நீங்கள் நான்கு வருடத்துக்கு முன்னால் முழு நேரம் பார்த்திருந்தால் அந்தக் கடைசி வருடமே கணக்கில் வரலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் அது கரைகிறது. கவுன்சில் ஏற்றாலும் மருத்துவமனை இன்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சில மாதமாவது வார்டுக்குத் திரும்புங்கள், பகுதி நேரமானாலும் சரி. கை பழகும், சமீபத்திய பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும்.

ஐ.சி.யூ.வில் ஏழு வருடம். பிரிட்டன் போனால் பேண்ட் 5 சம்பள நிலையில் புதிதாகப் படித்து வந்தவர்களோடு தொடங்க வேண்டுமாமே? மனம் ஒப்பவில்லை.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஏழு வருடம் வென்டிலேட்டர் பார்த்தவருக்கு அது வலிக்கும்தான். ஆனாலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆஸ்கி செயல்முறைத் தேர்வு முடியும் வரை அதற்கும் கீழே வைப்பார்கள். ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்: ஐ.சி.யூ.விலேயே போடுவார்களா, முந்தைய அனுபவத்தைச் சம்பளத்தில் கணக்கில் எடுப்பார்களா, மேற்படிப்புக்கு யார் பணம் கட்டுவார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பேண்ட் 6 தானாக வராது, காலியிடம் வரும்போது விண்ணப்பித்து இன்டர்வியூ தர வேண்டும். முதல் நாளிலிருந்தே ஆதாரம் சேருங்கள்: ஜூனியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, ஆடிட் செய்தது, ஷிஃப்டைப் பொறுப்பேற்று நடத்தியது.

அமெரிக்கா உங்கள் திட்டத்தில் இருந்தால் வழி வேறு. அங்கே லைசென்ஸுக்குப் பிறகு தீவிர சிகிச்சைக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழ் எழுதலாம். அதற்கு ஒரு வழி, இரண்டு ஆண்டுகளில் 1,750 மணி நேர நேரடிப் பணி, அதில் 875 கடைசி ஆண்டில். மருந்து எழுதும் பொறுப்புள்ள நர்ஸ் பிராக்டிஷனர் ஆக மேற்படிப்பு கட்டாயம். எந்த நாட்டுத் தேர்வு சீக்கிரம் முடியும் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து வருடம் கழித்து ஐ.சி.யூ. படுக்கை அருகிலேயே இருக்க ஆசையா, மருந்து எழுதும் பொறுப்புக்குப் போக ஆசையா, கற்பிக்க ஆசையா? அதை எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ற நாட்டையும் படிப்பையும் அடுத்த முறை விரிவாகப் பார்க்கலாம்.