கராஜில் யாருடைய ஹீட்டர்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலில் இருக்கிறோம். வீட்டை விற்றுவிட்டு டர்பனில் டவுன்ஹவுஸ் வாங்கப் போகிறோம். வீடு விற்கத் தேவையான மின்சாரச் சர்டிஃபிகேட்டுக்காக வந்த எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர், கராஜ் பிளக் பாயிண்டுகள் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) வழியாகப் போகவில்லை என்று கையெழுத்துப் போட மறுக்கிறார். ஃபிரீசரைப் போட்டாலே ட்ரிப் ஆகிறதென்று 11 வருடத்துக்கு முன் என் மச்சான்தான் லைனை மாற்றிக் கொடுத்தார். வெறும் கராஜ்தானே! ஃபிரீசர், டிரில், குளிர் நாளில் அம்மாவின் ஹீட்டர், எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஒன்றும் ஆனதில்லை. வருடம் தவறாமல் தீ மிதிப்பவன் நான், யாரையும் ஏமாற்றுபவன் இல்லை. இவரோடு எப்படி வாதாடுவது? வேறு ஆளைப் பிடிக்கலாமா?

பதில்: தம்பி, இன்ஸ்பெக்டரைத் திட்டி வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. உங்கள் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருந்தால் இங்கேயே மடித்து வையுங்கள். அவர் சொன்னது சரி.

அது கிடக்கட்டும். அம்மாவின் ஹீட்டர் கராஜில் என்ன செய்கிறது?

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஹீட்டரை டிரில்லுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஹீட்டர் அங்கே என்றால் கட்டிலும் அங்கேதான். பெற்றவளைப் படுக்க வைத்திருக்கிற இடத்தை "வெறும் கராஜ்" என்று எழுத உங்கள் கை கூசவில்லையா?

நம்மவர்களுக்குக் கராஜ் வாழ்க்கை தெரியாததில்லை. 1950-ல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம்மைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சின்ன வீடுகளில் அடைத்தபோது, மகனுக்குக் கல்யாணமானால் கராஜை அடைத்து அறையாக்கினோம். ஆனால் அங்கே போனது புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும். கிழவி உள்ளே, சாமி விளக்குக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். நீங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டீர்கள்.

இப்போது மச்சான் செய்த கைங்கரியத்துக்கு வருவோம். எர்த் லீக்கேஜ் ஒரு கணக்குப்பிள்ளை. போன மின்சாரம் முழுக்கத் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே லைனை வெட்டிவிடும். ஃபிரீசரைப் போட்டதும் ட்ரிப் ஆனதென்றால் அதற்குள் எங்கோ கரண்ட் கசிந்திருக்கிறது. ஃபிரீசரைச் சரிபார்க்காமல் கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் உங்கள் மச்சான். டி.பி. போர்டில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியில்) 20 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதே என்பீர்கள். அது வயரைக் காக்க வைத்தது. ஓர் ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அதன் கண்ணிலேயே படாது. இரவில் எழுந்து சிமென்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று ஈரக்கையால் அந்த ஹீட்டரைத் தொடுவது நீங்களா, மச்சானா?

வாதாட வழி இருக்கத்தான் செய்கிறது. விதியின் பொருளில் தகராறு என்றால் தொழிலாளர் துறையின் தலைமை இன்ஸ்பெக்டரிடம் முறையிடலாம். இங்கே எந்த விதியின் பொருளில் தகராறு? மச்சான் வெட்டிய வயருக்கு இரண்டு பொருள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆளையும் தேடிப் பிடித்துவிடுவீர்கள். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டை வாங்குகிறவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். யாரையும் ஏமாற்றாதவர் நீங்கள்தானே? புனித வெள்ளியன்று மாரியம்மன் முன்னால் தீயில் இறங்குகிறவர், வீட்டிலிருக்கிற அம்மனைக் கராஜில் வைத்திருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் என் வாய் கெட்டுவிடும்.

இன்று இரவே ஹீட்டரைக் கழற்றுங்கள். அம்மாவின் கட்டிலை உள்ளே போடுங்கள், பையன்களில் ஒருவன் ஹாலில் படுக்கட்டும். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனை எர்த் லீக்கேஜோடு சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஃபிரீசர் ட்ரிப் ஆனால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்த கடிதத்தில் பிளக் பாயிண்டைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். டர்பன் டவுன்ஹவுஸில் எத்தனை படுக்கையறை, அதில் அம்மாவுக்கு எது என்று மட்டும் எழுதுங்கள்.