தைராய்டு மாத்திரை: மூன்றே வாரத்தில் டெஸ்ட் எடுத்தால்?

கேள்வி: வயது 34, எடை 62 கிலோ. டி.எஸ்.எச். 14 இருந்ததால் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நானே லேபில் பார்த்தேன், 11.2. களைப்பு அப்படியே இருக்கிறது. கால்சியம், முடி உதிர்வு மாத்திரைகளையும் காலையில் சேர்த்தே போடுகிறேன். லேபில் முழு தைராய்டு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், சுரப்பியையே குணமாக்கும் பவுடர் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது பலிக்கவில்லை என்று சொல்லும் நேரமும் இன்னும் வரவில்லை. தைராய்டு சுரப்பி சுணங்கும்போது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி குரலை உயர்த்துகிறது. அந்தக் குரலின் அளவுதான் டி.எஸ்.எச். நீங்கள் விழுங்கும் லெவோதைராக்சின் தைராய்டு ஹார்மோன்தான்; அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். தினமும் போட்டு வந்தால் அதன் அளவு நிலைப்பட 5, 6 வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதற்குப் பிறகுதான் அடங்கும். அதனால் மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ 6 முதல் 8 வாரம் கழித்தே டெஸ்ட். மூன்றாம் வாரத்து எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினால், பின்னால் அது அதிகமாகி படபடப்பும் தூக்கமின்மையும் வரும்.

எனக்கு உறுத்துவது உங்கள் காலை நேர மாத்திரைக் கூட்டம். கால்சியமும் இரும்புச்சத்தும் லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. நடுவே 4 மணி நேரம் வேண்டும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும்; காபி, டீ, சாப்பாடு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்தை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளுங்கள். காலை தோதுப்படாது என்றால், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். மாத்திரைகளை மொத்தமாக உரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்; ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்கும். ஒருநாள் மறந்துபோனால் பதற வேண்டாம், நினைவு வந்ததும் போடுங்கள். இதையெல்லாம் சீட்டு எழுதும்போதே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை, மருந்து சரியாக உள்ளே போகாமலே அளவு மட்டும் ஏறிக்கொண்டு போகிறது.

அளவு 50-இலேயே நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். சுரப்பி முழுக்கக் கைவிட்டவருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கு, உங்கள் எடைக்கு 100 அளவில் வரும். உங்கள் சுரப்பி இன்னும் ஓரளவு சுரந்துகொண்டிருக்கலாம். எவ்வளவு போதும் என்பதை ஒழுங்காக எடுத்த டெஸ்ட் சொல்லும்.

முடி மாத்திரையின் அட்டையில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா பாருங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள். உங்கள் 11.2-ஐயே நான் முழுசாக நம்பவில்லை.

பேக்கேஜ் வேண்டாம். உங்களுக்கு டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) போதும். ஆன்டிபாடி, அதாவது உடல் தன் தைராய்டுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு மாதாமாதம் பார்ப்பதில் லேபுக்குத்தான் லாபம். ரிவர்ஸ் டி3 என்று ஒன்றைச் சேர்த்திருந்தால், அது உங்களுக்கு எதையும் சொல்லாது. எல்லை தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்துப் பயமுறுத்தி, அடுத்த டெஸ்டுக்கு இழுப்பதே இங்கே தொழிலாகிவிட்டது.

பவுடர் விற்பவர் இன்னும் மோசம். கடற்பாசி, அயோடின் என்று போட்டிருந்தால், ஆன்டிபாடியால் கெட்ட சுரப்பி இன்னும் சுணங்கலாம். இப்படி விற்ற சிலவற்றைப் பரிசோதித்தபோது, லேபிளில் சொல்லாமல் தைராய்டு ஹார்மோனையே கலந்திருந்தது தெரிந்தது. ‘குணமான’ ரகசியம் அதுதான். அளவு மட்டும் யாருக்கும் தெரியாது.

‘ஆறு வாரம் பொறு’ என்பது ஒரே இடத்தில் செல்லாது: கர்ப்பம். உங்கள் வயதில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் 12 வாரம் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தேவையோ முதல் வாரங்களிலேயே ஏறிவிடும். குழந்தைக்குத் திட்டமிருந்தால் முதலில் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வரட்டும். நாள் தள்ளி கர்ப்பம் உறுதியானால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். வாரத்துக்கு 7 மாத்திரை போடுபவர் அன்றிலிருந்தே 9 போடுவது வழக்கம்: இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு. இந்த ஏற்பாட்டை உங்கள் டாக்டரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். உறுதியானதும் ஒரு டி.எஸ்.எச்., பிறகு பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை. கர்ப்பத்தில் இரும்பும் கால்சியமும் கட்டாயம் எழுதித் தருவார்கள், அப்போதும் அதே 4 மணி நேர இடைவெளிதான். பிரசவமானதும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் மறுபடி ஒரு டி.எஸ்.எச்.