1600-களில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு யோமன் (வசதியுள்ள விவசாயி) மூதாதையைத் தேட சர்ச் பதிவேடு மட்டும் போதுமா?

போதாது. சர்ச் பதிவேட்டில் பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்குரிய ஆள் யார் என்பது அநேகமாகக் கோர்ட் ஏடுகளில்தான் தெரியவரும். ஐந்து வருடமாக இதில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் கணவர் ஆங்கிலேயர். நாங்கள் இருப்பது நார்விச்சில். மாமனார் வீட்டில் ஒரு பழைய பைபிள் இருக்கிறது. அதன் முன்பக்க வெற்றுத் தாளில் 1790-களில் தொடங்கி வீட்டுப் பிறப்பு இறப்புகளை எழுதி வந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இருந்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாமாவின் வெகுநாள் ஆசை. அவருக்குக் கண் மங்கிவிட்டது, வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. குடும்பத்தின் பூர்விகம் நார்ஃபோக்கில் ஒரு சின்ன ஊர், சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஆலயம். பைபிளிலிருந்து பின்னோக்கி 1661 வரை போவதில் பெரிய கஷ்டம் இல்லை. அங்கே வந்து முட்டிக்கொண்டோம்.

காரணம் இது. ஒவ்வொரு பங்கு ஆலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538-ல் உத்தரவிட்டார். தொடக்கத்தில் பல ஊர்களில் காகிதத்தில்தான் எழுதினார்கள். 1598-ல் அவற்றைத் தோல் ஏட்டில் பெயர்த்து எழுதச் சொன்னபோது, எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து எழுதினால் போதும் என்று பல பாதிரியார்கள் முந்தைய 20 வருடத்தை விட்டுவிட்டார்கள். 1558-ல் தொடங்கும் பதிவேடுகள் அத்தனை இருப்பது அதனால்தான். கூடவே ஒரு நல்ல விதியும் வந்தது: வருடாவருடம் ஒரு நகலை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும். மூலத்தை எலி தின்றுவிட்ட ஊரிலும் பிஷப் நகல் தப்பியிருக்கலாம். பிறகு 1642-ல் உள்நாட்டுப் போர் வந்து எழுதுவது தடுமாறியது. 1653-ல் பதிவு வேலையையே பாதிரியாரிடமிருந்து எடுத்து, ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் கொடுத்தார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பும்வரை பல ஊர்களில் இருட்டுதான். எங்கள் ஊரில் 1643-க்குப் பிறகு 1661 வரை பக்கமே இல்லை, பிஷப் நகலும் இல்லை. இந்தக் கரையில் நிற்கும் மகனை அந்தக் கரையில் இருக்கும் தகப்பனோடு சேர்க்க வேண்டும்.

அந்தத் தகப்பனை ஜான் என்றே சொல்கிறேன். அதே ஊரில் அதே குடும்பப் பெயரோடு இரண்டு ஜான்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், ஒருவர் 1588-ல், ஒருவர் 1591-ல். ஆளுக்கு ஒரு வரிதான். 'யோஹானஸ், தாமஸின் மகன், மார்ச் 3' என்று லத்தீனில் எழுதியிருக்கும். தாயின் பெயர் கிடையாது, தொழில் கிடையாது. இணையத்தில் ஏழெட்டுக் குடும்ப மரங்கள் 1588 ஜானைப் பிடித்து வைத்திருந்தன, ஒருவர் போட்டதை மற்றவர் எடுத்துப் போட்டு. நானும் ஒரு வருடம் அவரையே நம்பி மேலே நாலு தலைமுறை ஏறிவிட்டேன். அப்புறம் அடக்கப் பக்கங்களை முதலிலிருந்து வரிவரியாக வாசித்தபோது, அந்தப் பிள்ளை 1592-ல் இறந்து அடக்கமான வரி கண்ணில் பட்டது. மூன்று வயதுக் குழந்தை. அன்று எனக்கு மனசே சரியில்லை. மற்ற ஜான் நெசவாளராகி வேறு ஊரில் குடியேறியவர் என்பதும் பிறகு தெரிந்தது. இரண்டு பேருமே எங்களவர் இல்லை.

அதனால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு ஞானஸ்நான வரி கிடைத்தால் உடனே அடக்கப் பக்கத்துக்குப் போங்கள். அந்தக் குழந்தை வளர்ந்ததற்கு வேறொரு ஏடு சாட்சி சொல்லும்வரை மரத்தில் ஏற்றாதீர்கள்.

பெரிய இடங்களிலேயே இப்படி நடந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் தாயார் மேரி ஆர்டன் வளர்ந்த வீடு என்று வில்ம்கோட்டில் ஒரு வீட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்தார்கள். 2000-ல் பழைய பத்திரங்களை ஒத்துப் பார்த்தபோது அது பக்கத்துக் குடியானவர் ஆடம் பாமருடையது என்று தெரிந்தது. ஆர்டன் வீடு அருகிலேயே வேறு பெயரில் நின்றுகொண்டிருந்த பண்ணை வீடு. அதன் மரச் சட்டங்களுக்கு வெட்டிய மரம் 1514-ஐச் சேர்ந்தது என்று மர வளையங்களை எண்ணிச் சொன்னார்கள். அத்தனை பேர் ஆராய்ந்த குடும்பத்திலேயே இப்படி என்றால், நம் வேலையில் எவ்வளவு நிதானம் வேண்டும் பாருங்கள்.

எங்கள் ஜான் கிடைத்தது சர்ச் கோர்ட்டில். அந்தக் காலத்தில் பிஷப்பின் கோர்ட்டுக்கு உயில், கல்யாணத் தகராறு, அவதூறு, தசமபாகம் (விளைச்சலில் ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கு) என்று நிறைய வழக்குகள் போகும். 1634-ல் ஆட்டுக்குட்டிக்கும் கம்பளிக்கும் தசமபாகம் எப்படிப் பிரிப்பது என்று பாதிரியாருக்கும் ஒரு குடியானவருக்கும் வழக்கு. ஊர் வழக்கம் தெரிந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கேதான் நமக்கு அதிர்ஷ்டம்: சாட்சியை நம்பலாமா என்று கோர்ட் எடைபோட வேண்டும் என்பதால், வாக்குமூலத்தின் தலைப்பிலேயே அவர் எங்கே பிறந்தார், இந்த ஊரில் எத்தனை வருடம் இருக்கிறார், வயது என்ன என்று குமாஸ்தா எழுதிவிடுவார். தலைப்பு லத்தீனில், சாட்சி சொன்னது ஆங்கிலத்தில். எங்களவரின் தலைப்பு இப்படிச் சொன்னது: யோமன், இந்த ஊரில் 20 வருடமாக வாசம், பிறந்தது பக்கத்து ஊர், வயது 46 அல்லது அதை ஒட்டி.

பக்கத்து ஊர்! மூன்று வருடமாக நான் புரட்டிக்கொண்டிருந்ததே தவறான புத்தகம். அடுத்த ஊர்ப் பதிவேட்டை எடுத்தேன், 1587-ல் இருக்கிறார். வயது ஒன்று குறைவாக வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். அன்றைக்கு வயது என்பது உத்தேசம்தான்.

அந்த வாக்குமூலத்தின் அடியில் அவர் போட்ட குறி இருந்தது. ஒரு நேர்கோடு, மேல் நுனியில் இடப்பக்கம் வளைந்த கொக்கி, மேய்ப்பன் கோல் மாதிரி. கோட்டின் கீழ் முனையில் மை தடித்து நின்றது. பேனாவை அங்கே அழுத்தி நிறுத்தியிருக்கிறார். தற்குறி என்ற சொல்லை நாம் இன்று வசவாக ஆக்கிவிட்டோம். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தானே இடும் குறி என்பதுதானே அதன் பொருள். 1634-ல் ஒரு மனிதர் இட்ட தற்குறி என் முன்னால் இருந்தது, என் மகனுக்கு 12 தலைமுறை முந்தியவர். பெரிதாகப் படமெடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் கொடுத்தேன். விரலால் அந்தக் கொக்கியை அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

சரி, இவர்தான் அவர் என்று உறுதி செய்தது மேனர் கோர்ட் சுருள். மேனர் என்பது ஒரு பிரபுவின் பண்ணை எல்லை. நிலம் அவருடையது, அனுபவ உரிமை குடியானவருடையது. தகப்பன் இறந்தால் வாரிசு மேனர் கோர்ட்டுக்கு வந்து, கட்டணம் கட்டி, தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் இறந்தவரின் நல்ல மாடு ஒன்றையும் பிரபு எடுத்துக்கொள்வார். அந்தப் பதிவின் நகல்தான் குடியானவர் கையில் இருக்கும் பத்திரம். காப்பிஹோல்ட் என்று அந்த உரிமைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1926 வரைக்கும் இது சட்டத்தில் இருந்தது. நமக்கு வேண்டியது அதில் வரும் ஒரே ஒரு தொடர்: 'இன்னாருடைய மகனும் வாரிசும்.' ஞானஸ்நான வரி ஊகிக்க மட்டும் விடுவதை இது நேராகவே சொல்லிவிடும். பக்கத்து ஊர் மேனர் சுருளில் 1619-ல் எங்கள் ஜான் தகப்பனின் மூன்று ஏக்கருக்குப் பெயர் பதிந்திருக்கிறார். எந்த ஊரின் மேனர் சுருள் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதற்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியாக ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

உயிலுக்கு நாங்கள் இரண்டு மாதம் நார்விச்சில் அலைந்தோம். பொதுவாக ஒரு மறைமாவட்டத்துக்குள், அதாவது ஒரு பிஷப்பின் எல்லைக்குள், சொத்து இருந்தால் உயில் அங்கேயே பதிவாகும். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டத்தில் இருந்தால் கான்டர்பரி அல்லது யார்க் பேராயரின் கோர்ட்டுக்குப் போகும். ஆனால் 1653-லிருந்து 1660 வரை நாட்டின் எல்லா உயிலும் லண்டனில்தான் பதிவாக வேண்டியிருந்தது. எங்களவர் உயில் 1655. அது கியூவில் பதிவுப் புத்தகத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. மனைவி மார்கரெட்டுக்குக் கட்டிலும் இறகு மெத்தையும், இளைய மகனுக்கு ஏரும் வண்டியும், மகளுக்கு வெள்ளை நெற்றிப் பசு. மூத்த மகனுக்கு வெறும் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங்.

இதைக் கேட்டதும் மாமா முகம் வாடிவிட்டது. அந்த மூத்த மகனின் வழிதான் இவர்கள். தகப்பனுக்கு மகன்மேல் அப்படி என்ன கோபம் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார். விடை மறுபடியும் மேனர் சுருளில் கிடைத்தது: மூத்தவனுக்குக் கல்யாணம் ஆன 1650-லேயே வீட்டையும் நிலத்தையும் அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உயிலில் ஒரு ஷில்லிங் என்று வந்தால் பெரும்பாலும் அர்த்தம், பங்கு முன்பே போய்விட்டது, மறக்கவில்லை என்று பெயரைச் சொல்லி வைக்கிறேன் என்பதுதான். உயிலை மட்டும் படித்துவிட்டு ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவு கட்டிவிடக் கூடாது.

யோமன் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜென்டில்மேனுக்குக் கீழே, ஹஸ்பண்ட்மேன் எனப்படும் சிறு விவசாயிக்கு மேலே. வருடம் 40 ஷில்லிங் தரும் சொந்த நிலம் உள்ளவர் என்பது பழைய சட்ட அளவு, நடைமுறையில் ஊர் கொடுக்கும் மரியாதை. எங்கள் ஜானே 1622 பத்திரத்தில் ஹஸ்பண்ட்மேன், 1634-ல் யோமன். சொல் மாறியதால் ஆள் வேறு என்று தள்ளிவிடாதீர்கள். குற்றப் பத்திரிகைகளில் இன்னும் கவனம் வேண்டும். பெயரோடு தகுதியும் ஊரும் எழுத வேண்டும் என்று 1413-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை ஒப்பேற்றுவதற்காகக் குமாஸ்தா எதையாவது எழுதி வைப்பதும், குற்றம் நடந்த ஊரையே குற்றவாளியின் ஊராகப் போடுவதும் சகஜம்.

யோமன் என்றால் ஏழை என்று நினைக்க வேண்டாம். ஐசக் நியூட்டனின் தகப்பனாரும் ஐசக்தான், லிங்கன்ஷைரில் வூல்ஸ்தார்ப். 1642-ல் உயிலில் தன்னை யோமன் என்றே சொல்கிறார். அவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிப் பார்த்து ஜாபிதா போட்டார்கள். 234 ஆடு, மொத்தம் 459 பவுண்டுக்கு மேல். அவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது, தற்குறிதான்.

அதே வீட்டை வைத்தே தேதிக் குழப்பத்தையும் சொல்லிவிடலாம். பிள்ளை நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, ஞானஸ்நானம் ஜனவரி 1. ஏழு நாள் கழித்து வந்தாலும் அன்றைய கணக்கில் அது 1642-தான், ஏனென்றால் இங்கிலாந்தில் 1752-க்கு முன் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். நான் மேலே சொன்ன 'மார்ச் 3, 1588' நம் கணக்கில் 1589. இதைக் கவனிக்காவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது போல் தோன்றும்.

கையெழுத்துதான் பலரை ஓட வைக்கிறது. செக்ரட்டரி என்று பெயர் கொண்ட அக்காலத்துக் கையெழுத்து முறையில் ஆங்கில 'ஈ' தலைகீழாக இருக்கும், 'ஹெச்' வரிக்குக் கீழே சுழன்று போகும், 'எம்', 'என்', 'யு' எல்லாம் வெறும் குச்சிகள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசப் பயிற்சியில்தான் நான் பழகினேன். தினம் அரை மணி நேரம், மூன்று மாதத்தில் உயில்களை ஓரளவு வாசிக்க வந்தது. உயில்களின் தொடக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி, 'கடவுளின் பெயரால், ஆமென்' என்று ஆரம்பித்து உடல் நலமில்லை, நினைவு தெளிவு என்று போகும். தெரிந்த அந்த வரிகளில் எழுத்தைப் பழகிக்கொண்டு தெரியாததற்குப் போங்கள்.

எனக்கு இப்போது மிச்சம் மார்கரெட். உயிலைத் தவிர எங்கேயும் அவர் பெயர் இல்லை, பதிவேட்டில் 'அவர் மனைவி' மட்டும்தான். பெண் வீட்டு ஊரில் கல்யாணம் நடப்பதுதான் அன்றைய வழக்கம். ஜான் இந்த ஊருக்கு வந்தது 1614 வாக்கில், அதனால் அதை ஒட்டிய வருடங்களைத் தேடுகிறேன். சுற்றி ஐந்து மைலுக்குள் 11 ஆலயங்கள், ஏழின் திருமணப் பக்கங்களை முடித்துவிட்டேன். எட்டாவது ஊரின் பதிவேட்டில் 1612 முதல் 1616 வரை மை மங்கிக் கிடக்கிறது. அதற்கான பிஷப் நகலை அடுத்த வாரம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.