ரசத்தில் தைல வாடை: லெமன் மிர்ட்டில் வாங்குவோருக்கு

கேள்வி: மெல்பர்ன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே ஒரு சந்தையில் 'லெமன் மிர்ட்டில்' என்று எலுமிச்சை மணமுள்ள ஆஸ்திரேலிய இலைப்பொடி விற்றார்கள். ரசத்தில் ஒரு ஸ்பூன் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன். நீலகிரித் தைலம் ஊற்றிய மாதிரி ஆகி, வீட்டில் ஒருவரும் தொடவில்லை. கலப்படத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: எனக்குப் பொடிமேல் சந்தேகம் இல்லை, அந்த ஒரு ஸ்பூன்மேல்தான். குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மரம் இது. பெயரில்தான் எலுமிச்சை, பிறந்ததோ நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இருக்கும் குடும்பத்தில். எலுமிச்சை மணத்துக்குக் காரணமான சிட்ரால், இதன் இலை எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் சில சதவீதம்தான். அதனால் நான்கு பேருக்கான ரசத்துக்குக் கால் ஸ்பூனே தாராளம். அதையும் அடுப்பை அணைத்த பிறகு தூவி மூடிவிடுங்கள். கொத்தமல்லித் தழை போடும் நேரம்தான் இதற்கும் நேரம். கொதிக்கக் கொதிக்க நல்ல மணமெல்லாம் ஆவியோடு போய், தைல வாடைதான் மிஞ்சும்.

மணம் இருக்கிறதே என்று புளியைக் குறைத்துவிடாதீர்கள். இதில் புளிப்பு கிடையாது. பால் பண்டங்களில் அதுவே வசதி. எலுமிச்சை பிழிந்தால் பால் திரிந்துவிடும், இதைப் போட்டால் திரியாது. சேமியா பாயசத்தை இறக்கியதும் அரை லிட்டர் பாலுக்கு இரண்டு முழு இலை என்று போட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து எடுத்துவிடுவேன். அன்றைக்கு ஏலக்காய்க்கு விடுமுறை. இரண்டும் சேர்ந்தால் சண்டைதான்.

கேள்வி: பொடி வாங்கலாமா, முழு இலையா? கடைக்குக் கடை விலை ஏன் இப்படி மாறுகிறது?

பதில்: முழு இலைதான். பொடியாக்கிய நிமிடத்திலிருந்தே மணம் இறங்க ஆரம்பித்துவிடும். இலை என்றால் வேண்டும்போது நடுநரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளலாம். பச்சை நிறம் மிச்சமிருக்கும் இலையாகப் பாருங்கள். பழுப்பேறி, கசக்கினாலும் வாசனை வராதது பழைய சரக்கு. வாங்கிவந்து பிரித்த அன்றே வாசனை இல்லையென்றால், பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். தரமில்லாத பொருளுக்கு அந்த உரிமையைச் சட்டம் தருகிறது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது மட்டும் காரணமாகாது.

விலையைப் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒப்பிடாதீர்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விலைச்சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கோ 10 கிராமுக்கோ எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். 2009 முதல் அது கட்டாயம். சந்தையிலோ நீங்களேதான் வகுத்துப் பார்க்க வேண்டும். 20 கிராம் டப்பா வாங்கினாலே மாதக்கணக்கில் வரும், மலிவாகக் கிடைக்கிறதென்று அரைக்கிலோ வாங்கி அடுப்புக்கு மேல் தட்டில் வைப்பது வீண்.

'லெமன் மிர்ட்டில் டீ' வாங்குகிறவர்கள் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். முதல் பெயர் தேயிலை என்றால், நீங்கள் காசு கொடுப்பது தேயிலைக்கு. உணவுப் பொருட்களில் பார்க்கிற, ஆஸ்திரேலியச் சரக்கைக் காட்டும் பச்சை முக்கோணக் கங்காரு முத்திரை மூலிகை, மசாலா, தேநீருக்குக் கட்டாயமில்லை. எந்த நாட்டுச் சரக்கு என்று எழுத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெரிய மரம். கீழே விழுந்த இலையைக் கசக்கினால் அதே எலுமிச்சை வாசனை. பொறுக்கிக் காயவைக்கலாமா?

பதில்: வேண்டாம். மெல்பர்ன் பூங்காக்களிலும் தெருக்களிலும் எலுமிச்சை மண யூகலிப்டஸ் நிறைய உண்டு. வழவழப்பான வெளிர் அடிமரம், கத்திபோல் நீண்ட இலை என்றால் அநேகமாக அதுதான். அந்த வாசனை சிட்ரோனெல்லால் என்ற வேறு பொருளால் வருவது. கொசுவிரட்டிக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது. லெமன் மிர்ட்டிலின் தாவரப் பெயர் பேக்கௌசியா சிட்ரியோடோரா, அந்தத் தெரு மரத்தின் பெயர் கோரிம்பியா சிட்ரியோடோரா. பின்பாதி ஒன்றே என்பதால் முன்பாதியைப் படியுங்கள். வீட்டிலேயே லெமன் மிர்ட்டில் வேண்டுமானால் நர்சரியில் கன்று கிடைக்கும். இளங்கன்றுக்கு உறைபனி ஆகாது. தளிரில் மஞ்சள் பொடி படிந்தால் அது 2010-இல் இந்த நாட்டுக்கு வந்த மிர்ட்டில் துரு நோய். அந்த இலை சமையலுக்கு வேண்டாம்.

கேள்வி: நாரத்தை இலைக்குப் பதில் இதில் வேப்பிலைக்கட்டி செய்யலாமா?

பதில்: செய்து பார்த்துத் தோற்றவன் நான். காய்ந்த இலை உருண்டை பிடிக்கவில்லை, உதிர்ந்துபோனது. தாய்லாந்துச் சமையலுக்கு விற்கும் மக்ரூட் லைம் பச்சை இலையை நரம்பு எடுத்து, மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, புளியோடு இடித்தபோதுதான் கட்டி வந்தது. லெமன் மிர்ட்டிலை அதில் ஒரு சிட்டிகை மட்டும் சேர்த்தேன். மோர்சாதத்துக்கு அது போதும்.