செம்பும் ஈயமும் – கடிதம்

வணக்கம் ஐயா,

மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் நீங்கள் மீக்கடத்திகள் (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருட்கள்) பற்றி எழுதியதை பிளஸ் டூ படிக்கும் என் மகள் போனில் காட்டினாள். ‘அணுக்களின் அதிர்வுதான் மீக்கடத்தலை உண்டாக்குகிறது’ என்று அதில் ஒரு வரி வருகிறது. அவள் பாடத்தில் நேர் எதிராக இருக்கிறது. சூடு ஏறினால் அணுக்கள் அதிகம் அதிரும், எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுக்கும், தடை கூடும். என் தொழிலிலும் அப்படித்தான். ஓடிச் சூடான மோட்டாரில் மீட்டர் வைத்தால் ஓம் கூடத்தான் காட்டும். அப்படியென்றால் நன்றாகக் குளிரவைத்ததும் அதிர்வு நின்றுபோய் தடை பூஜ்யமாகிறது, அவ்வளவுதானே? இதில் அதிர்வு எங்கே உதவுகிறது?

இன்னொன்று. வெள்ளியை விட்டால் செம்பைப்போலக் கடத்தி கிடையாது. குளிரவைத்தால் முதலில் மீக்கடத்தியாக வேண்டியது செம்புதானே?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அந்த வரியை அப்படி மொட்டையாக விட்டது என் தப்புதான். மகளிடமும் சொல்லிவிடுங்கள். பாடப்புத்தகம் சொல்வது சரி, உங்கள் மீட்டர் காட்டுவதும் சரி. 30 டிகிரியில் 10 ஓம் காட்டும் செம்புக் காயில் (கம்பிச்சுருள்) 100 டிகிரியில் 12.6 ஓம் காட்டும். அந்த 2.6 ஓமும் அணுக்களின் ஆட்டத்தால் வந்ததுதான்.

முதல் கேள்விக்கான விடை உங்கள் இரண்டாவது கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. செம்பு மீக்கடத்தி ஆவதில்லை. வெள்ளியும் ஆவதில்லை, தங்கமும் ஆவதில்லை. ஆய்வுக்கூடங்கள் இதுவரை எட்டிய குளிரில் மூன்றும் கொஞ்சம் தடையோடுதான் நிற்கின்றன. ஆனால் ஈயம், சாதாரணமாக செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடை காட்டும் ஈயம், 7.2 கெல்வினில் (மைனஸ் 266 டிகிரி) மீக்கடத்தி ஆகிவிடுகிறது. ஈயத்தைவிட மோசமான கடத்தி பாதரசம். அது 4.2 கெல்வினில் ஆகிறது. நல்ல பையன்கள் எல்லாம் ஃபெயில், கடைசி பெஞ்சுக்காரர்கள் பாஸ். இது தற்செயல் இல்லை.

‘அதிர்வு நின்றால் தடை போகும்’ என்று நினைத்தது நீங்கள் மட்டுமில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஏறக்குறைய அப்படித்தான் எதிர்பார்த்தார். 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கியவர் அவர். அவ்வளவு குளிர் அப்போது உலகில் அவர் கையில் மட்டும்தான் இருந்தது. பிளாட்டினத்தையும் தங்கத்தையும் குளிரவைத்துப் பார்த்தார். தடை இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டது. மிச்சமிருப்பது உலோகத்தில் கலந்த அழுக்கின் தடை என்று கணித்து, திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தமாக்கக்கூடிய பாதரசத்துக்கு மாறினார். 1911 ஏப்ரல் 8ஆம் தேதி பாதரசத்தின் தடை மறைந்தது.

மறைந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் எதிர்பார்த்தபடி என்றால் மெல்ல மெல்லக் குறைந்து தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது அப்படி இல்லை. அந்த ஆண்டு அவர் வரைந்த வரைபடத்தில், 4.2 கெல்வினுக்கு அருகே, ஒரு டிகிரியில் நூறில் சில பங்குக்குள், 0.1 ஓமுக்கு மேல் இருந்த தடை 0.00001 ஓமுக்குக் கீழே செங்குத்தாக விழுகிறது. பிறகு வேண்டுமென்றே அழுக்குச் சேர்த்த பாதரசத்திலும் தடை மறைந்தது. சுத்தம் காரணம் இல்லை. அதிர்வு அடங்கியதும் காரணம் இல்லை, ஏனென்றால் அந்தச் சில நூறில் ஒரு பங்கு டிகிரிக்குள் அதிர்வு ஒன்றும் திடீரென நின்றுவிடாது. அதற்குக் கீழே குளிரே இல்லாத பூஜ்ய கெல்வினிலும்கூட அணுக்கள் முழுதாக ஓய்வதில்லை. சுவிட்ச் போட்டதுபோல் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தெரிய நாற்பத்தாறு வருடம் ஆயிற்று.

இப்போது அதிர்வுக்கு வருவோம். உலோகத்தில் நேர்மின் அயனிகள், அதாவது சில எலக்ட்ரான்களை விட்டுவிட்ட அணுக்கள், வரிசைகட்டி நிற்கின்றன. இந்தச் சட்டகத்தை அணிக்கோவை என்பார்கள். ஊடே எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. எலக்ட்ரான் எதிர்மின், அயனி நேர்மின். ஆகவே ஓர் எலக்ட்ரான் கடக்கும்போது பக்கத்து அயனிகள் அதை நோக்கிக் கொஞ்சம் சாய்கின்றன. இந்த அசைவு ஏற்கெனவே இருக்கும் வெப்ப ஆட்டம் அல்ல, எலக்ட்ரானே போகிற போக்கில் கிளப்பிவிடுவது.

இங்கே வழக்கமாக ஓர் உவமை சொல்வார்கள். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் இரண்டு பேர் படுத்தால் நடுக்குழியில் உருண்டு ஒட்டிக்கொள்வார்கள், அதுபோல இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேருகின்றன என்று. எனக்கு இது பிடிக்காது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுபவை, ஒரே குழியில் இருக்கச் சம்மதிக்காது. கோவில் திருவிழாவில் சாமி புறப்பாடு பார்த்திருப்பீர்கள். சப்பரம் தெருவைக் கடந்து அடுத்த வீதிக்குப் போய்விடும். கும்பிட வாசலுக்கு வந்தவர்கள் உடனே உள்ளே போகமாட்டார்கள், பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பலூன்காரர் தெருவுக்குள் வருவார். பலூன்காரரை இழுத்துவந்தது சாமிதான், ஆனால் அவர் வரும்போது சாமி அங்கே இல்லை.

எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அயனி கனமானது, சாய்ந்து முடிக்க ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் வேண்டும். நமக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் அதற்குள் எலக்ட்ரான் சில நூறு அணுக்களைத் தாண்டிவிடும். அது போன பாதையில் அயனிகள் நெருங்கி நிற்க, அந்த இடம் கொஞ்ச நேரம் நேர்மின் கூடியதாக இருக்கிறது. இரண்டாவது எலக்ட்ரான் அங்கே இழுபடுகிறது. இருவரும் எட்டி இருப்பதால் நேரடித் தள்ளல் பெரிதாகத் தெரிவதில்லை. அணிக்கோவை வழியாக வரும் இந்த இழுப்பில்தான் ஜோடி உண்டாகிறது.

‘கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம் என்ன?’ என்று உங்கள் மகள் கேட்பாள். கேட்க வேண்டும். 1950இல் கிடைத்த ஆதாரம் எனக்கு இயற்பியலிலேயே மிகப் பிடித்தவற்றுள் ஒன்று. பாதரசத்துக்குப் பல ஐசோடோப்புகள் உண்டு. எலக்ட்ரான் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றே. கருவில் நியூட்ரான்கள் மட்டும் கூடும் குறையும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, எலக்ட்ரானுக்கு அது இருப்பதே ஏறக்குறையத் தெரியாது. மீக்கடத்தல் எலக்ட்ரான்கள் மட்டும் நடத்தும் விவகாரம் என்றால் எந்த ஐசோடோப்பை எடுத்தாலும் ஒரே வெப்பநிலையில் நடக்க வேண்டும். அளந்து பார்த்தார்கள். சராசரி அணுநிறை 199.5 உள்ள பாதரசம் 4.185 கெல்வினில் மாறியது. 203.4 உள்ளது 4.146இல். வித்தியாசம் 0.039 டிகிரி. நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. ஸ்பிரிங்கில் தொங்கும் எடை ஆடும் வேகமும் இதே கணக்குதான். கனம் கூடினால் ஆட்டம் மந்தம். ஆக, அயனிகளின் ஆட்டம் இதில் கலந்துகொள்கிறது.

இந்த அளவீட்டை அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே செய்தன. ஒன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில். மற்றது வாஷிங்டனில். அங்கே இம்மானுவேல் மாக்ஸ்வெல் பயன்படுத்திய பாதரசம்-198 எங்கிருந்து வந்தது தெரியுமா? தங்கத்தின் மேல் நியூட்ரானைப் பாய்ச்சி உண்டாக்கியது. நம் ரசவாதிகள் பாதரசத்தைத் தங்கமாக்கப் பாடுபட்டார்கள். இவர்கள் தங்கத்தைப் பாதரசமாக்கியிருக்கிறார்கள்!

ஜோடி சேர்ந்தால் தடை ஏன் போக வேண்டும்? இதற்குக் கணக்கு போட்டவர்கள் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர், 1957இல். ஒரு ஜோடியின் இரண்டு பேருக்கும் நடுவே லட்சக்கணக்கான வேறு ஜோடிகள் ஊடும் பாவுமாக ஓடுகின்றன. பின்னல் கோலாட்டம் பார்த்திருந்தால் புரியும். உச்சியில் கட்டிய கயிறுகளைப் பிடித்து எல்லாரும் ஒருவரையொருவர் கடந்து ஆடுவார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் திசை மாற முடியாது. தனி எலக்ட்ரானை அழுக்கோ அயனியோ இடித்துத் திருப்பிவிடலாம். இந்தக் கூட்டத்தில் ஒன்றைத் திருப்ப, முதலில் ஒரு ஜோடியை உடைக்க வேண்டும். அதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. ஆழ்ந்த குளிரில் அந்த ஆற்றல் யாரிடமும் இல்லை. குளிரின் வேலை இவ்வளவுதான். தடுப்பவர்களை அது ஒழிப்பதில்லை, ஜோடிகளை உடைக்காமல் விட்டுவைக்கிறது.

சரி, இனி உங்கள் செம்பு. செம்பில் எலக்ட்ரான்களுக்கும் அணிக்கோவைக்கும் ஒட்டுறவு குறைவு. அதனால்தான் அறை வெப்பநிலையில் அயனிகள் ஆடினாலும் எலக்ட்ரான்கள் அதிகம் கண்டுகொள்ளாமல் ஓடுகின்றன, அதனால்தான் அது நல்ல கடத்தி. அதே காரணத்தால் ஜோடி சேர்க்கும் இழுப்பும் பலவீனம். ஈயத்தில் ஒட்டுறவு பலமானது. சூட்டில் அதுவே தடையாகிறது, குளிரில் அதுவே ஜோடி சேர்க்கிறது. பாடப்புத்தகத்தின் அதிர்வும் என் வரியின் அதிர்வும் ஒன்றுதான்.

எல்லா மீக்கடத்திகளும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது. 1986இல் வந்த செம்பு ஆக்சைடு பீங்கான்கள் (பாருங்கள், செம்பு வேறு வேஷத்தில் வந்துவிட்டது) இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அவற்றுக்கு அணிக்கோவை இல்லாத ஒரு விளக்கத்தை அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து 1987இல் முன்வைத்தவர்களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் கணபதி பாஸ்கரன் ஒருவர். வழக்கு இன்னும் முடியவில்லை. மறுபக்கம், அணு இலேசாக இருந்தால் ஆட்டம் வேகம் என்ற பழைய கணக்கையே பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனுக்குப் போனவர்கள் 2015இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பொருளை 203 கெல்வினில் மீக்கடத்தியாக்கினார்கள். அது மைனஸ் 70 டிகிரி. ஆனால் இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து, வளிமண்டலத்தைப்போல் பதினைந்து லட்சம் மடங்கு அழுத்த வேண்டும். பட்டறைக்கு ஆகாது.

பட்டறைக்காரராக நீங்கள் பார்க்கக்கூடிய மீக்கடத்திக் காயில் ஊரிலேயே இருக்கிறது, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில். இரண்டு வருடம் முன்பு அத்தையை ஸ்கேனுக்கு அழைத்துப்போயிருந்தேன். யாருக்கும் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல் ‘சிக்... சிக்...’ என்று நிற்காமல் கேட்டது. என்ன என்று கேட்டேன். “அது நிக்காது சார், ராத்திரி பகலா ஓடும். ஹீலியம் ஆவியாகிப் போகாம அதுதான் பாத்துக்குது” என்றார் அங்கிருந்த பையன். அந்த ஹீலியத்தில் நியோபியம்-டைட்டானியம் கம்பியில் சுற்றிய காயில் மூழ்கிக் கிடக்கிறது. மின்சாரத்தை ஒருமுறை ஏற்றி, முனைகளை இணைத்து, சப்ளையைக் கழற்றிவிடுவார்கள். வருடக்கணக்கில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். காந்தம் எப்போதும் வேலை செய்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை அதற்காகத்தான்.

அந்தக் கம்பியை வெட்டிப் பார்த்தால் பெரும்பகுதி உங்கள் செம்புதான். அதற்குள் முடியைப்போல மெல்லிய நியோபியம்-டைட்டானிய இழைகள் ஓடுகின்றன. இழை மீக்கடத்தியாக இருக்கும்வரை செம்பு வழியே மின்சாரம் போகாது. பூஜ்யத் தடை பக்கத்தில் இருக்கும்போது யார் செம்புக்குள் போவார்கள்? அங்கே அது கிட்டத்தட்ட நீங்கள் காயிலுக்குப் போடும் வார்னிஷ் மாதிரி. எப்போதாவது ஒரு புள்ளி சூடாகி இழை சாதாரண உலோகமாகிவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரும் பக்கத்துச் செம்புக்குத் தாவும். ஹீலியம் கொதித்துக் குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் பீய்ச்சிக்கொண்டு போகும். மின்சாரம் வடிகிற அந்தச் சில நொடிகள் கம்பி கருகாமல் சுமப்பது செம்பு.